கோட்டுக்கு இந்தப் பக்கம்

நான் தாண்ட மாட்டனுங்க தம்பி. நீங்க எத்தன வாட்டி விசில் ஊதுனாலுஞ் சரி. இந்தச் சுண்ணாம்புக் கோட்ட எம் மருமக வந்து கையப் புடிச்சாத்தான் தாண்டுவேன். குடும்ப ஜோடி ஓட்டம்னா ரெண்டு பேரும் கை கோத்துட்டுத்தான் முடிக்கோணும்னு வெடியால மைக்குல சொன்னது நீங்கதானுங்களே? நீங்க இல்லீங்களா? அப்ப அந்தக் கண்ணாடிக்காரரா இருக்கும். வெள்ளப் பனியன் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியறீங்க.

சேரு வேண்டாமுங்க. உக்காந்தா கால் புடிச்சுக்கும். இப்படியே ஓரமா நின்ன எடத்துல மிதிச்சுட்டு இருக்கறேன், ஆரையும் மறிக்க மாட்டேன். நீங்க உங்க சோலியப் பாருங்க. அந்தத் தடத்து முக்குல பச்சைச் சுடிதாரு ஒண்ணு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க. எனக்குத் தூரப் பார்வை சித்தே மங்கல்.

தாரணின்னு பேருங்க அவளுக்கு. என்ற மகன் பூபதி பொண்டாட்டி. கல்யாணமாகி மூணு வருசமாச்சு. அன்னைக்கு ஆரத்தி சுத்திக் கொட்டிட்டு நாந்தான் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். இன்னைக்கும் அதே கையப் புடிச்சு இந்தக் கோட்டத் தாண்டிக் காட்டோணும்னு இருக்கறேன். ஆருக்குக் காட்டோணும்னு கேளுங்க. அக்கட்டப் பந்தல்ல மொத வரிசைல செகப்புச் சீல கட்டிட்டு ஒருத்தங்க போனத் தூக்கிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாங்க பாருங்க, அவங்களுக்குத்தான். எங்கூட்டுக்காரரோட அக்கா, எங்க நங்கையா. போன மாசி மாசம் ஒரு காதுகுத்துல வெச்சு, ஒறம்பரைக அத்தன பேரு முன்னால சொன்னாங்க, "சம்பூரணமும் மருமகளும் ஒரே வூட்டுலதான் இருக்கறாங்க, ஆனா ஊரு வேற வேற"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எலைல வெச்ச லட்டு எனக்கு எறங்கவே இல்ல.

எங்களுக்குள்ள என்னுங்க சண்ட? ஒரு சத்தம் வந்ததுண்டா? நான் சொன்னா "சரிங்க அத்தை"ம்பா. இன்னொண்ணு சொன்னா அதுக்கும் "சரிங்க அத்தை"தான். இப்படி ஒரு புள்ள எங்க கெடைக்கும், சொல்லுங்க பாப்போம்.

அந்த ஜோடி ஆருங்க, அப்பனும் மகளுமா? பாருங்க, அந்தப் புள்ள அப்பன இழுத்துட்டு வருது. நல்லாருக்கட்டும். தம்பி, தள்ளி நில்லுங்க, அவங்க போகட்டும்.

அவ காலேஜுல ஓட்டக்காரிங்க. ஜில்லாவுக்கே ஓடியிருக்கறா. கல்யாணத்துக்கப்புறம் பொறந்த வூட்டுல இருந்து ஒரு சாக்கு நெறையா கப்புக் கொண்டு வந்தா. முன்னறைல வெக்கட்டுங்களா அத்தைன்னு கேட்டா. சாமி படத்துக்கும் டிவிக்குமே எடம் பத்தல, எங்க வெக்கறது? அட்டாலி மேல ஏத்திட்டேன். சும்மா வெக்கலீங்க, தூசி படாம அதே சாக்குல கட்டித்தான் வெச்சேன். ஒரு சாமானப் பாழாக்கற பழக்கம் நமக்கில்ல.

அப்புறம் ரெண்டு வருசம் ஓட்டத்தப் பத்திப் பேச்சே இல்ல. இந்தத் தை நோம்பி கழிஞ்சதும் ஒரு நாள் வெடியால எந்திரிச்சுப் பாக்கறேன், சமையக்கட்டுல ஆளில்ல. வாசல்ல கோலம் போட்டிருக்குது, பாத்திரம் கழுவிக் கவுத்தியிருக்குது, ஆள மட்டும் காணோம். கொஞ்ச நேரத்துல வேர்த்து விறுவிறுத்து வர்றா. வாய்க்கா மேட்டுத் தடத்துல ஓடிட்டு வந்தனுங்க அத்தைங்கறா. வூட்டு வேல ஒண்ணு குறையில்ல, எதச் சொல்லி வையறது? ஆனா சட்னி அரைக்கறப்ப ஏதோ முணுமுணுன்னு பாடறா. எனக்கு அதுதான் ரோசனையாப் போச்சு. காரணமில்லாம ஒரு புள்ள பாடுமுங்களா?

பூபதிய வண்டியில பின்னாலயே போய்ப் பாத்துட்டு வரச் சொன்னேன். ரெண்டு நாள் போனான். "அம்மா, அவ ஓடறாம்மா. ஓடிட்டுத் திரும்பி வர்றா. அவ்வளவுதான்"னுட்டு மறுபடி போத்திப் படுத்துட்டான். ஆம்பளைகளுக்கு என்ன தெரியுது? சரி, நம்ம புள்ளைய நாமளே பாத்துக்கலாம்னு நான் கெளம்பிட்டேன்.

மொத நாள் ரப்பர் செருப்போடதானுங்க போனேன். சீலைய இழுத்துச் செருகிட்டு பம்ப் ஹவுஸ் வரைக்கும் ஓடறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு. அவ நின்னு, "அத்தை, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், நீங்க வூட்டுக்குப் போங்க"ன்னா. என்ற மேல அத்தன கரிசனம். அதுக்காகவே விடக்கூடாதுன்னு வைராக்கியம் வந்துருச்சு. இந்த ஷூவ பூபதி வாங்கியாந்தான். லேஸ் கட்டற ஷூ நமக்கு ஆகாதுடா, குனிஞ்சா மூச்சு முட்டுதுன்னேன். அதான் இது, இந்தா பாருங்க, பட்டைய இழுத்து ஒட்டுனா ஒட்டிக்கும், சர்ருனு பிச்சா வந்துரும். எனக்கு இது போதும்.

நான் வர ஆரம்பிச்சதும் அவ இன்னும் நேரத்துலயே எந்திரிக்க ஆரம்பிச்சுட்டா. ஆர்வத்தப் பாருங்க. நாம என்ன சளைச்சவங்களா? அவளுக்கு முந்தியே எந்திரிச்சு ஷூவப் போட்டுட்டு வாசப்படில உக்காந்துக்குவேன். கதவத் தொறந்தவ என்னப் பாத்ததும் அப்படியே ஒரு நிமிசம் நிப்பா. அப்புறம், "போலாமுங்களா அத்தை"ம்பா. பனிக்காத்துல கண்ணெல்லாம் செவந்து போகும் அவளுக்கு. மப்ளரு கட்டுன்னா கேக்க மாட்டா.

தடம் பூராப் பேசிட்டே ஓடுவனுங்க. மாவு புளிச்சது, பக்கத்து வூட்டுச் சங்கதி, பூபதி சின்னதுல வாய்க்கால்ல வுழுந்தது, எல்லாஞ் சொல்லுவேன். பேசிட்டே ஓடுனா மூச்சு வாங்கும் அத்தைன்னு ஒரு நாள் சொன்னா. எனக்கு வாங்கலியே கண்ணுன்னேன். அப்புறம் அவ சொல்லல. பாட்டும் இப்பப் பாடறதில்லீங்க. ஓடி ஓடி ஒரு நெதானம் வந்துருச்சு அவளுக்கு.

அங்க ஏதோ பச்சையா வருதுங்களே? ஆம்பளையா? ஏனுங்க, ஆம்பளைகளுக்கு என்னத்துக்கு அந்தக் கலரு?

ஒண்ணு சொல்லட்டுங்களா, சிரிக்கப்படாது. பாலத்துக்கு அக்கட்ட வாய்க்கா கரை இருக்குதில்லீங்களா, ரெண்டு பக்கமும் நாத்து வயலு. ஒரு நாள் தாரணிக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து ஒரு தடத்துல நான் தனியாப் போனதே இல்லீங்க. மொதல்ல எங்க மாமியாருக்குப் பின்னால. அப்புறம் எங்கூட்டுக்காரருக்குப் பின்னால. அன்னைக்கு முன்னாலயும் ஆளில்ல, பின்னாலயும் ஆளில்ல. சம்பூரணம் அது எங்க, அம்மா இது எங்கன்னு கேக்கறதுக்கு ஒரு சீவனில்ல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. ஏன்னு தெரியல. நான் பாட்டுக்குச் சிரிச்சுட்டே ஓடறேன், ஆராச்சும் பாத்திருந்தா பைத்தியம்னு கட்டி வெச்சிருப்பாங்க. அந்த மாதிரி சந்தோசம் எனக்கு நெனவு தெரிஞ்சு இருந்ததில்ல. வூட்டுக்கு வந்து தாரணிகிட்டச் சொல்லல. சின்னப் புள்ள, அதுக்கு என்ன புரியும்?

அப்புறம்தான் இந்த ஊரோட்டம் வந்துச்சு. ஒரு நாள் உங்க சங்கத்துல இருந்து ஆரோ போன் பண்ணாங்க. தாரணி மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தா, நான் எடுத்தேன். பெண்கள் தனி ஓட்டத்துக்குத் தாரணின்னு பேரு குடுத்திருக்கறாங்க, உறுதிப்படுத்தக் கூப்பிட்டோம்ங்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தனி ஓட்டமா? அதென்னுங்க தனி? வேற என்ன இருக்குதுங்கன்னு கேட்டேன். குடும்ப ஜோடின்னு ஒண்ணு இருக்குதுன்னாங்க. அப்ப அதுல போடுங்க, மாமியா மருமகன்னு போடுங்கன்னுட்டேன்.

அவளக் கேட்டீங்களான்னு கேக்கறீங்க. வூட்டுல எதுங்க கேட்டுட்டுப் பண்றது? பொழுது சாஞ்சதும் சொன்னேன். துணி மடிச்சுட்டு இருந்தா. மடிச்சதையே மறுபடி பிரிச்சு மறுபடி மடிச்சா. அப்புறம் "சரிங்க அத்தை"ன்னா. அன்னைக்கு ராத்திரி சோறு வேண்டாம்னுட்டா. ஓட்டத்துக்கு வயித்த இப்பவே லேசா வெச்சுக்கறாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். பூபதிதான் குதிச்சான். "அம்மா, அவ கேட்டது இது ஒண்ணுதாம்மா. ஒரு நாளைக்காச்சும் அவளத் தனியா ஓட விடும்மா"ங்கறான். தனியா ஓடறதுக்கு என்னத்துக்குடா கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்கன்னு கேட்டேன்.

வெயிலு ஏறுதுங்களே. தண்ணி வேண்டாம், அவ வந்ததும் சேந்தே குடிச்சுக்கறோம்.

இன்னைக்கு வெடியால நானே அவளுக்குத் துப்பட்டாவ ஊக்குக் குத்தி விட்டேன். நெஞ்சுல ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு, அதுக்கு ஓரத்துல குங்குமம். கொடிய ஆட்டுனதும் கெளம்பிட்டோம். நான் முன்னால, அவ பின்னால. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கூட்டுல அப்படித்தானுங்க, மாமியா முன்னால போவா, மருமக பின்னால வருவா. நான் அப்படித்தான் போனேன், இவளும் அப்படித்தான் வருவா. அதனால நான் திரும்பிப் பாக்கறதே இல்ல. திரும்பாட்டியும் பின்னால ஆள் இருக்கும்.

வாய்க்காப் பாலத்துக்குக் கிட்ட வந்ததும், "அத்தை, லேஸ் அவுந்திருச்சுங்க, நீங்க போயிட்டே இருங்க, கட்டிட்டுப் பின்னாலயே வர்றேன்"னா. இதுக்குத்தான் என்ற மாதிரி பட்டை ஷூப் போடுன்னு சொன்னேன், கேட்டாளா? சரின்னு நான் போயிட்டே இருந்தேன். சித்த நேரத்துல பின்னால காலடிச் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டான்னு வழக்கம் போலப் பேச ஆரம்பிச்சுட்டேன். மூச்ச மூக்குல விடு கண்ணு, மேட்டுல வேகத்தக் கொறை, சாயங்காலம் மாவு ஆட்டோணும், நெனவிருக்கட்டும், அப்படி இப்படின்னு சொல்லிட்டே போனேன்.

அப்புறம் அந்த நாத்து வயலு வந்துச்சு. காத்து வந்துச்சு. எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க தம்பி. வாய்ல இருந்து தானா வந்துருச்சு. "உனக்கு நல்ல காலு கண்ணு. நீ வந்ததுக்கப்புறம்தான் நான் வாசப்படிய விட்டே எறங்குனேன். இந்தக் கெழவிய ஓட வெச்சது நீதான்"னு சொன்னேன். வாழ்க்கைல ஒருத்தர்கிட்டயும் அப்படிப் பேசுனதில்ல. சொல்லிப்போட்டு வெக்கமாப் போச்சு. பதிலக் காணோமேன்னு இன்னைக்குத்தான் மொதத் தடவையாத் திரும்பிப் பாக்கறேன், ஆரோ ஒரு ஆளு. தொப்பை வெச்ச ஆளு, காதுல ரெண்டு பக்கமும் பாட்டு மாட்டிட்டு வர்றாரு. நான் பாக்கறதப் பாத்துட்டுக் காதுல இருந்து உருவிட்டு, "சொல்லுங்கம்மா"ங்கறாரு. என்னத்தச் சொல்றது? பாத்து ஓடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அத இன்னொரு வாட்டி சொல்ல வருமுங்களா? வராதுங்க. வாய் வராது. அந்தத் தொப்பைக்காரரோட போச்சு.

தம்பி, இன்னும் அவளக் காணோமே. பாலத்துக்கிட்ட உங்காளுக நிக்கறாங்களே, போன் போட்டுக் கேளுங்க. பச்சைச் சுடிதாரு, ஒசரமான புள்ள, ஒத்தச் சடை. கேளுங்க சாமி. கால் பெசகியிருக்கும், இல்லாட்டி மயக்கம் போட்டிருக்கும். வெறும் வயித்துல ஓடாதன்னா கேக்க மாட்டா. நானும் ஒரு முண்டம், திரும்பிப் பாக்காம வந்திருக்கறேன்.

என்ன சொல்றாங்க? பாலத்துச் செவுத்துல உக்காந்திருந்தாளா? சுளுக்கா? சுளுக்கு இல்லையா? அப்புறம் என்னத்துக்கு உக்காந்தா? ஜோடி ஜோடியா எல்லாரையும் போக விட்டுட்டு, கடைசி ஆளும் போனதுக்கப்புறமா எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சாளா?

லேஸ் கட்டறதுக்கு அத்தன நேரமா.

இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன். ஒண்ணுமில்ல. விடுங்க.

அது ஆருங்க அங்க வர்றது? பச்சைதான். ஆனா அது எங்க புள்ள இல்லீங்க. துப்பட்டாவ இடுப்பச் சுத்திக் கட்டியிருக்குது பாருங்க, நான் ஊக்குக் குத்தியில்ல விட்டேன். அது வேற ஆரோ. பல்லெல்லாந் தெரியச் சிரிச்சுட்டு வருது. தடத்துல ஒருத்தருமில்ல, அது பாட்டுக்குத் தானாச் சிரிச்சுட்டு ஓடுது. எங்க தாரணி அப்படிச் சிரிக்க மாட்டாளுங்க, அவ ரொம்ப நெதானம். நம்பரப் படிங்க, உங்களுக்குத்தான் கண்ணு தெரியுமே. என்ற நம்பரா? நல்லாப் பாத்துட்டீங்களா?

தாரணிதானுங்க.

எப்படி ஓடறா பாருங்க தம்பி. எங்கூட ஓடறப்ப ஒரு நாளும் இப்படி ஓடுனதில்லீங்க. இத்தன மாசம் எனக்காகக் கால இழுத்துப் புடிச்சுட்டு ஓடியிருக்கறா. நான் ஈடு குடுக்கறேன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்.

கண்ணு, இந்தா, இங்க நிக்கறேன். இந்தா, கை.

பாத்துட்டா. என்னப் பாத்துட்டா தம்பி. பாத்தீங்களா, போயிருச்சு. அந்தச் சிரிப்பு எங்க போச்சு, இத்தன நேரம் இருந்துச்சே. வேகத்தக் கொறைக்கறா. துப்பட்டாவ அவுத்து மேல போட்டுக்கறா. கையத் தொடச்சுட்டு நீட்டிட்டு வர்றா, சரிங்க அத்தைன்னு சொல்லப் போறா. மூணு வருசமா நான் பாத்துட்டு இருக்கறது இந்த மூஞ்சிதானுங்க. அவளுக்கு மூஞ்சியே இதுதான்னு நெனச்சுட்டு இருந்துட்டேன்.

வாய்க்கா கரைல அன்னைக்கு என்னைய ஆராச்சும் நிறுத்தியிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கண்ணு. தாரணி. நிக்காத, நீ போ. எனக்கு லேஸ் அவுந்திருச்சு. நீ போயிட்டே இரு, நான் கட்டிட்டுப் பின்னாலயே வர்றேன். ஆமா, லேஸ்தான். என்ன முழிக்கற? அவுந்திருச்சுன்னு சொல்றேன்ல. கைய எடு. போன்னா போ கண்ணு.

போறா.

என்னுங்க தம்பி? ஜோடிக் கணக்குல சேராதா? சேராட்டிப் போகுது. நங்கையா எந்திரிச்சு நிக்கறாங்க பாருங்க, நல்லாப் படம் எடுக்கட்டும். காதுகுத்துல பேசுனது பத்தாதுன்னா இதையும் பேசட்டும். ஏனுங்க, அடுத்த வருசம் அந்தத் தனி ஓட்டத்துல வயசு ஏதாச்சும் பாப்பீங்களா? சும்மா கேட்டேன். சித்தே புடிச்சுக்குங்க என்னைய, குனிஞ்சா மூச்சு முட்டுது. குனிஞ்சுதானே ஆகோணும், கட்டறதாச் சொல்லிப்போட்டேன். அட, என்ற காலையே என்னத்துக்குங்க பாக்கறீங்க? அவ காலப் பாருங்க.